பதினாறா, பத்தொன்பதா? படுவான்கரைப் பெட்டகத்து ஈயக்குண்டுகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைக்கு அந்தப் பக்கம், வயலும் வளவும் ஒட்டிக் கிடக்கிற ஒரு பழைய வீடு. பூனைகள் அதிகம். திண்ணையில் மூன்று, குசினியில் இரண்டு, வைக்கோல் போரில் எத்தனை என்று யாரும் எண்ணியதில்லை. அந்த வீட்டுப் பேரன் ஒருநாள் பின்னேரம் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். ஒரு சுளகில் வெள்ளை பூத்த உருண்டைகள், பக்கத்தில் துருப்பிடித்த ஒரு சாமான்.

"மாமா, இது ஒல்லாந்தன்ட துவக்குக் குண்டாம். ஒராள் காசு தாறன் எண்டு கேட்டிரிக்கார். குடுக்கலாமா? இல்லாட்டி உருக்கித் தூண்டில் ஈயமாக்குவமா?"

இரண்டையும் செய்யாதே, நாளைக்கு வருகிறேன் என்று பதில் போட்டேன். நான் துவக்கு சுடுகிறவன் இல்லை. பாடசாலை விஞ்ஞான ஆய்வுகூடத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். அளக்கவும் நிறுக்கவும் தெரியும், அவ்வளவுதான். இந்த விசயத்தில் அது போதுமாக இருந்தது.

பெட்டிக்குள் இருந்தவை

பரணில் கிடந்த மரப்பெட்டி. அதற்குள், இடுப்பில் கட்டும் பழைய சாரத் துணி ஒன்றில் சுற்றிய பொட்டலம். பொட்டலத்தில் 21 ஈயக்குண்டுகள், ஒரு மாட்டுக்கொம்பு, சிறிய தகரக் குப்பி, பிறகு அந்தத் துருப்பிடித்த சாமான். அதைப் பெத்தாச்சி, பேரனின் தகப்பனைப் பெற்றவர், பாக்குவெட்டி என்றே நினைத்திருக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. இரண்டு கைப்பிடி, ஒரு முளை, நுனியில் வாய், எல்லாம் பாக்குவெட்டி மாதிரியேதான். வாயைத் திறந்தால்தான் வித்தியாசம் தெரியும்: இரு தாடையிலும் அரை உருண்டைக் குழி. மூடினால் முழு உருண்டை. மேலே ஈயம் ஊற்ற ஒரு சின்ன ஓட்டை. குண்டு வார்க்கும் அச்சு. பாக்கு வெட்டுகிற இடத்தில் உள்ள அலகு, வார்த்த குண்டின் காம்பை நறுக்குவதற்கு.

துவக்கு இல்லை. பெத்தாச்சியின் கணவர் வேட்டைக்கு வைத்திருந்த அது, பிரச்சினை காலத்தில், அதாவது போரின்போது, வீட்டை விட்டுப் போய்விட்டது. எப்படி, யாரிடம் என்று நான் கேட்கவுமில்லை, அவர்கள் சொல்லவுமில்லை. இங்கே அப்படியான கேள்விகளைக் கேட்காமல் விடுவது ஒரு பழக்கம்.

நான் போய்ச் சேர்ந்தபோது பேரன் ஒரு தூரிகையை எடுத்துக் குண்டுகளின் வெள்ளைத் தூளைத் தட்டிக்கொண்டிருந்தான். முதலில் அதை நிறுத்தினேன். அந்த வெள்ளை சுண்ணாம்புமில்லை, திருநீறுமில்லை. மரப்பெட்டி காலப்போக்கில் அமில ஆவியை விடும். அடைத்த பெட்டிக்குள் அந்த ஆவி ஈயத்தை அரித்து ஈயக் காபனேற்றாக மாற்றும். வாவிப் பக்கத்து ஈரமும் சேர்ந்தால் கேட்க வேண்டியதில்லை. தட்டினால் தூள் பறக்கும், மூச்சோடு உள்ளே போகும். அந்த வீட்டில் மூன்று வயதுக் குழந்தை ஒன்று தவழ்ந்தும் நடந்தும் திரிகிறது. ஈயம் பெரியவர்களைவிடச் சின்னப்பிள்ளைகளின் மூளையையே அதிகம் பாதிக்கும். ஈரத்துணியால் துடைத்து, துணியை எறிந்து, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, சுளகையும் கழுவிய பிறகுதான் வேலையைத் தொடங்கினோம். சாரத் துணியைத் தனி வாளியில் நானே ஊறப்போட்டு அலசிக் கொடியில் போட்டேன். ஒரு கந்தல், எறியலாம் என்று நினைத்தேன். ஏன் எறியவில்லை என்பது எனக்கே தெரியாது.

கொம்பின் மூடி இறுகிப் போயிருந்தது. கறுப்பு வெடிமருந்து வயதாகிச் சாவதில்லை. காய்ந்து கிடந்தால் நூறு வருடம் கழித்தும் பற்றும். ஆகவே குலுக்கவில்லை, குத்தித் திறக்கவில்லை. ஒரு வாளித் தண்ணீரில் இரவு முழுக்க அமிழ்த்தி வைத்தோம். காலையில் மூடி தானாகக் கழன்றது. உள்ளே கறுப்புக் கறை மட்டும்.

ஒல்லாந்தன் கதை

மட்டக்களப்பில் பழைய சாமான் எது கிடைத்தாலும் ஒல்லாந்தன், அதாவது டச்சுக்காரன், பெயரில்தான் போகும். காரணமில்லாமலும் இல்லை. 1602இல் ஒல்லாந்துக் கடலோடி ஸ்பில்பேர்கன் வந்து இறங்கியது இந்தக் கரையில். போர்த்துக்கேயர் 1628இல் கட்டத் தொடங்கிய கோட்டையை ஒல்லாந்தர் 1638இல் பிடித்தார்கள். புளியந்தீவில் அந்தக் கோட்டை இன்னும் நிற்கிறது. எனக்கும் முதலில் ஆசை வந்தது, பொய் சொல்வானேன். வழியிலேயே 1638 என்று மனதுக்குள் எழுதிவிட்டேன்.

அந்தக் கணக்கைக் கெடுத்தது தகரக் குப்பி. அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது ஒரே ஒரு செப்புத் துண்டு, சின்ன விரல் நகத்தின் பாதிகூட இல்லை, பூ விரிந்த மாதிரிக் கிழிந்திருந்தது. வெடித்து முடிந்த கேப்பு, அதாவது துவக்கின் சுத்தியல் அடித்ததும் வெடித்து மருந்தைப் பற்றவைக்கும் சின்னத் தொப்பி. அதற்கு முந்திய துவக்குகளில் எரியும் திரியோ கல் உரசிய தீப்பொறியோதான் மருந்தைப் பற்றவைக்கும். அடித்தால் வெடிக்கும் மருந்தைத் துவக்குக்குப் பயன்படுத்தும் முறைக்கு போர்சைத் என்ற ஸ்கொட்லாந்துப் பாதிரியார் 1807இல் காப்புரிமை எடுத்தார். செப்புக் கேப்பு புழக்கத்துக்கு வந்தது 1820களில். ஒல்லாந்தர் இலங்கையை விட்டுப் போனது 1796இல். ஆக இந்தப் பெட்டி ஒல்லாந்தனைக் கண்டதேயில்லை.

பேரனுக்கு முகம் வாடிவிட்டது. ஒரு ஆறுதல் சொன்னேன். 1815 மார்ச் 2க்கு முந்திய பொருள் என்றால் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்துக்குள் வந்துவிடும். நினைத்த ஆளுக்கு விற்க ஏலாது. ஒல்லாந்தனாக இல்லாதது உனக்கும் நல்லதுதான்.

பாணும் குண்டும்

அச்சை மண்ணெண்ணெயில் இரண்டு நாள் ஊறவைத்தோம். துரு கழன்றதும் கைப்பிடி அருகே ஒரு இலக்கம் தெரிந்தது: 16.

வேணியர் இடுக்கிமானியை வைத்துக் குண்டுகளை அளந்தேன். ஒவ்வொன்றையும் மூன்று திசையில். ஏனென்றால் அச்சின் முளை தேய்ந்திருந்தால் இரு பாதியும் சரியாகப் பொருந்தாது, குண்டு கொஞ்சம் முட்டையாகும். சராசரி 15.9 மில்லிமீற்றர்.

"பிறகென்ன மாமா, 16 எண்டா 16 மில்லிமீற்றர்தானே. முடிஞ்சிது."

முடியவில்லை. அச்சு ஆங்கிலேயர் காலத்தது. அந்தக் காலத்தில் ஆங்கிலேயன் துவக்கை மில்லிமீற்றரில் அளக்கவில்லை, அங்குலத்தில்கூட எப்போதும் சொல்லவில்லை. இறாத்தலில் சொன்னான். நம் ஆட்களுக்கு இதைப் பாணை வைத்துத்தான் விளக்க வேண்டும். தராசின் ஒரு தட்டில் ஒரு இறாத்தல் பாண் வையுங்கள். மறுதட்டில், குழலின் வாய்க்கு மட்டுமட்டாகப் பொருந்தும் ஈயக்குண்டுகளை ஒவ்வொன்றாகப் போடுங்கள். 16 குண்டில் தராசு நேராக நின்றால் அது 16ஆம் இலக்கத் துவக்கு. 12இல் நின்றால் 12. இலக்கம் குறையக் குறையக் குழல் பெருக்கும். நுவரெலியாவில் இருந்துகொண்டு யானை சுட்ட சாமுவேல் பேக்கரிடம் குண்டு ஒன்று நாலு அவுன்ஸ், அதாவது நாலே குண்டு ஒரு இறாத்தல் நிற்கிற துவக்கு இருந்தது. துவக்கின் பாரம் 21 இறாத்தல். அதைத் தூக்கிக்கொண்டு காட்டில் நடப்பதைவிட யானையிடம் மன்னிப்புக் கேட்டுவிடலாம்.

சரி, நம்முடைய கணக்குக்கு வருவோம். இறாத்தல் 453.6 கிராம். 16ஆல் பிரித்தால் குண்டு ஒன்று 28.35 கிராம் இருக்க வேண்டும். ஈயத்தின் அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு 11.34 கிராம். அதன்படி குழலின் விட்டம் 16.8 மில்லிமீற்றர். ஆனால் அயலில் தங்க வேலை செய்யும் ஒருவரின் தராசில் எங்கள் குண்டுகளில் வழவழப்பானவற்றை வைத்தபோது ஒன்று சராசரி 23.9 கிராம். அப்படியென்றால் ஒரு இறாத்தலுக்கு 19 குண்டு.

அச்சு பதினாறு என்கிறது, குண்டு பத்தொன்பது என்கிறது. மூன்று குண்டு எங்கே போனது?

இடைவெளி

எனக்கு நித்திரை கெட்டது இந்த இடத்தில்தான். அளந்தது பிழையா என்று திரும்ப அளந்தேன். வெள்ளை பூத்து உதிர்ந்ததில் எடை குறைந்ததா என்றால், அது ஒரு குண்டில் நாலரைக் கிராம் போகாது. விட்டமும் குறைந்திருக்காது, குண்டுகளின் காம்பு வெட்டிய தட்டையான இடம்கூட ஒழுங்காகத் தெரிந்தது. ஆகவே குண்டு வேண்டுமென்றேதான் சிறிதாக வார்க்கப்பட்டிருக்கிறது. 16.8க்குள் 15.9. சுற்றிவர 0.45 மில்லிமீற்றர் இடம்.

இடியன் துவக்கைப் பார்த்தவர்களுக்கு இது புதிராக இருக்காது. வாய் வழியாக மருந்தைப் போட்டு, குண்டைப் போட்டு, கம்பியால் இடிக்கிறார்கள், அதனால்தான் இடியன். குழலுக்கு மட்டுமட்டான குண்டு இரண்டாவது வெடிக்கே உள்ளே இறங்காது, கரி பிடித்துவிடும். இடம் விட்டே ஆக வேண்டும். கேள்வி என்னவென்றால், அந்த இடத்தைப் பெத்தாச்சியின் கணவர் எதனால் நிரப்பினார்?

படைக்காரன் நிரப்பவே இல்லை என்று சொல்லலாம். பிரித்தானியப் படையின் பிரவுண் பெஸ் துவக்குக்குக் குழல் முக்கால் அங்குலம், 19 மில்லிமீற்றர். குண்டு 0.69 அங்குலம், 17.5 மில்லிமீற்றர். இரு பக்கமும் சேர்த்து ஒன்றரை மில்லிமீற்றர் இடைவெளி. குண்டு குலுங்கிக்கொண்டு வெளியே போகும், குறி எங்கேயோ படும். ஆனால் வரிசையாக நின்று கூட்டத்தைப் பார்த்துச் சுடுகிறவனுக்குக் குறியைவிட வேகம் முக்கியம். வேட்டைக்காரனுக்கு அப்படியில்லை, அவனுக்குக் கிடைப்பது ஒரே ஒரு வெடி. அமெரிக்காவில் இன்றும் வாய்வழித் துவக்கை விளையாட்டாகச் சுடுகிறவர்கள் 0.50 அங்குலக் குழலுக்கு 0.490 அங்குலக் குண்டு வாங்குகிறார்கள் அல்லது வார்க்கிறார்கள். மிச்ச இடத்துக்கு எண்ணெய் பூசிய பருத்தித் துணி. துணி குண்டைக் குழலோடு இறுக்கிப் பிடிக்கும், வெளியே வந்ததும் விலகி விழும்.

நம் பக்கத்தில் மருந்துக்கு மேல் தேங்காய்த் தும்பை அடைத்துக் குண்டைச் சும்மா போடுவதுமுண்டு. பெத்தாச்சியிடம் கேட்டேன்.

"தும்பு வைச்சித்தான் இடிப்பார் மகன். கம்பி துள்ளணும், துள்ளினாத்தான் சரி எண்டுவார். குண்டுக்கு என்ன செய்தாரோ, அதெல்லாம் பொம்புளையளுக்குக் காட்டமாட்டார்."

தும்பு மட்டுமா, துணியுமா? வாய்ச்சொல்லால் முடிவு வரவில்லை. முடிவு 21ஆவது குண்டில் இருந்தது.

அந்த ஒன்றை நான் முதலில் கணக்கிலேயே எடுக்கவில்லை. ஒரு பக்கம் நசுங்கி, காளான் மாதிரி விரிந்து கிடந்தது. 22.8 கிராம். சுட்ட குண்டு, திரும்ப எடுத்து வைத்திருக்கிறார்கள். ஈயம் சும்மா கிடைக்கிற சாமான் இல்லை. இறைச்சி வெட்டும்போது கிடைத்தால் அடுத்த வார்ப்புக்கு எடுத்து வைப்பார்கள். நசுங்காத பின்பக்கத்தைச் சாய்ந்த வெயிலில் உருப்பெருக்கியால் பார்த்தேன். குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள். கீறல் அவ்வளவு ஒழுங்காக இருக்காது. நெசவு. வெடியின் அழுத்தத்தில் துணியின் இழை மென்மையான ஈயத்தில் பதிந்திருக்கிறது. மூன்று மில்லிமீற்றருக்குள் ஆறு இழை எண்ண முடிந்தது. சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ இருபது.

துணிதான். காணாமல் போன மூன்று குண்டும் துணிக்குள்தான் இருந்தன.

ஆறு முரட்டுக் குண்டுகள்

மிச்ச இருபதும் ஒரே கையால் வார்த்தவை அல்ல. பதினாலு குண்டில் நகம் பதிந்தது. ஆறில் பதியவில்லை, நகம்தான் வழுக்கியது. அந்த ஆறும் அளவில் ஒரு மயிரிழை பெரிது, 15.95. ஆனால் எடையில் குறைவு, 23.2 கிராம். பெரிதாக இருந்தும் பாரம் குறைவென்றால் அது சுத்த ஈயம் அல்ல. அந்திமனி என்ற உலோகம் கலந்த ஈயம் கடினமாக இருக்கும், அடர்த்தி குறையும், ஆறும்போது சுருங்குவதும் குறைவு. எல்லாம் பொருந்தியது.

வார்ப்பிலும் வித்தியாசம் இருந்தது. பதினாலும் வழவழப்பு, காம்பு ஒரே வெட்டில் நறுக்கியது, இரு பாதி சேருமிடத்தில் மெல்லிய தையல் கோடு. அச்சைப் பதமாகச் சூடாக்கி, அவசரப்படாமல் ஊற்றிய ஆளின் வேலை. ஈயம் உருகுவது 327 பாகை செல்சியசில். அச்சு குளிர்ந்திருந்தால் ஊற்றும்போதே உறைந்து சுருக்கம் விழும். அந்த ஆறும் கிழவியின் கன்னம் போலச் சுருங்கியிருந்தன. காம்பைக் குறட்டால் முறுக்கிப் பிய்த்திருந்தது. இரண்டில் நடுவே கம்பி நுழையும் ஓட்டை.

ஓட்டை போட்ட குண்டைத் துவக்கில் போட ஏலாது. இதற்குப் பதில் பேரனின் தகப்பன் சொன்னார், கொஞ்சம் வெட்கத்தோடு. எழுபதுகளில் சாமான் தட்டுப்பாடு. இறக்குமதி இல்லை, தூண்டில் ஈயம் கடையில் இல்லை. பழுதான உழவு இயந்திர பற்றரி ஒன்றை உடைத்து, தட்டுகளைக் குசினி அடுப்பில் உருக்கி, தகப்பனின் அச்சில் ஊற்றிப் பார்த்திருக்கிறார். அப்போது அவருக்குப் பதினாறு வயது. "ஆறுதான் வந்திச்சி. மறுகா வயித்துக் குத்தில ரெண்டு நாள் படுத்திட்டன்."

பற்றரித் தட்டை உருக்குவது சாதாரண ஈயத்தை உருக்குவது மாதிரி இல்லை. தட்டில் ஈய ஒட்சைட்டும் சல்பேற்றும் தூளாக ஒட்டியிருக்கும். அந்திமனியும் ஆசனிக்கும் அமிலத்தோடு சேர்ந்தால் நச்சுவாயு வரும். இன்றும் சில இடங்களில் வலைக்கு, தூண்டிலுக்கு என்று வீட்டுச் சட்டியில் இதைச் செய்கிறார்கள். பேரனின் உருக்கும் யோசனைக்கு நான் சம்மதிக்காததற்கு முதல் காரணம் இதுதான். சுத்த ஈயமென்றாலும் குசினியில், சமைக்கிற சட்டியில் கூடவே கூடாது. இன்னொன்று, இங்கே வேர்க்கிற வேர்வைக்கு ஒரு துளி உருகிய ஈயத்தில் விழுந்தால் போதும். தண்ணீர் அந்தக் கணமே ஆவியாகி ஈயத்தை முகத்தில் அள்ளி வீசும்.

வளையச் சோதனை

துவக்கு இல்லாமல் துவக்கைச் சோதிக்க வேண்டும். நகரத்து லேத் பட்டறையில் ஒரு பித்தளைத் துண்டில் 16.8 மில்லிமீற்றர் துளை போடச் சொன்னேன். வெறும் வளையம், கைவிரல் மோதிரத்தைவிடக் கொஞ்சம் தடிப்பு. பட்டறைக்காரத் தம்பி எதற்கு என்று கேட்டதற்கு அளவு பார்க்க என்றேன். உண்மைதானே.

வெறும் குண்டைப் போட்டால் வளையத்துக்குள்ளால் விழுந்து ஓடியது. என்னுடைய வேட்டித் துணியை ஒரு மடிப்பாகச் சுற்றிப் போட்டேன், அப்போதும் தளர்வு. இரண்டு மடிப்பு, இன்னும் கொஞ்சம் தளர்வு. கடையில் வாங்கும் வேட்டியின் நூல் மெல்லிசு, இழையும் நெருக்கம். நெசவுப் பதிவோடு அது பொருந்தவேயில்லை. இன்னும் தடித்த துணி வேண்டும்.

அப்போதுதான் கொடியில் தொங்கிய அந்தக் கந்தல் சாரம் கண்ணில் பட்டது. மருதமுனைக் கைத்தறி. பெத்தாச்சி பார்த்தவுடன் சொன்னார், மனிசன் அதைத் தவிர வேறு கட்டமாட்டாராம். இழை எண்ணினேன்: சென்ரிமீற்றருக்கு இருபது, இருபத்தொன்று. எட்டு மடிப்பாக மடித்து அளந்தேன்: 2 மில்லிமீற்றர், ஒரு மடிப்பு 0.25. இரண்டு மடிப்பு அரை மில்லிமீற்றர். இருக்கிற இடம் 0.45. ஒரு குண்டை இரு மடிப்பில் பொதிந்து வளையத்தின் வாயில் வைத்துப் பெருவிரலால் அழுத்தினேன். முதலில் மறுத்தது, பிறகு மெதுவாக இறங்கி நடுவில் நின்றது. கவிழ்த்தேன். விழவில்லை.

பேரன் இதற்குள் சாரத்தை விரித்துப் பிடித்திருந்தான். கீழ்க்கரையில் வரிசையாகக் கிழிசல். ஒவ்வொன்றும் இழையோடு நேராகக் கிழித்தது, அகலம் 5 சென்ரிமீற்றர், நீளம் 10. மடித்தால் ஒரு குண்டுக்குச் சதுரம். ஒன்பது எண்ணினோம்.

மறுநாள் பேரனும் தகப்பனும் பொலிசுக்குப் போய்ப் பெட்டியின் கதையைச் சொல்லி எழுதிவைத்துவிட்டு வந்தார்கள். 1916ஆம் ஆண்டுச் சுடுகலன் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிற நாட்டில், துவக்கு இல்லையென்றாலும் குண்டை ஒளித்து வைப்பதைவிட அது நல்லது என்று நான்தான் அனுப்பினேன். அச்சும் குண்டுகளும் இப்போது மரப்பெட்டியில் இல்லை, மூடி இறுக்கிய பிளாஸ்ரிக் பெட்டியில், குழந்தைக்கு எட்டாத உயரத்தில்.

சாரத்தை மட்டும் பெத்தாச்சி தரவில்லை. மடியில் வைத்து ஒவ்வொரு கிழிசலாக விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"எலி எண்டுதான் சொன்னார் மகன். ஒவ்வொரு தரமும் எலி எண்டுதான் சொன்னார். நானும் நம்பி அம்பது வரிசமாப் பூனை வளக்கன்."